தொழில் படித்தவனுக்குக் கதவு திறக்குமா?

    

'இளைஞர்களுக்கு வாழ்வு தருவது பட்டப்படிப்பா, தொழிற்பயிற்சியா?' இதுதான் தலைப்பு. தொழிற்பயிற்சியே என்று பேச என்னை நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவி அம்மா ஒரு போடு போட்டார்கள். "பேராசிரியரே, நீங்க டாக்டர் பட்டம் வாங்கினவர். நீங்க எப்படி ஐயா ஐ.டி.ஐ.க்கு வக்காலத்து வாங்கலாம்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. போன வாரம் எங்கள் வீட்டில் குழாய் ஒழுகியது. டாக்டர் பட்டத்தை எடுத்துக் குழாய்க்கு நேரே காட்டினேன். நிற்கவில்லை. (சிரிப்பு) குழாய் வேலை பார்க்கிற தம்பிக்குப் போன் போட்டு, "அண்ணே, எப்ப வருவீங்க?" என்றேன். எனக்கு அவர் தம்பி வயசு. ஆனால் தண்ணீர் ஒழுகும்போது அண்ணன்தான். அவர், "பாப்போம் சார்" என்றார். இதில் யார் அதிகாரி, யார் மனுப் போடுகிறவர் என்று நீங்களே சொல்லுங்கள். (கைதட்டல்)

சரி, வேடிக்கை போதும். தொழில் கற்றுக் கொடுத்தால் பையனுக்கு வேலை கிடைத்துவிடுமா? ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. நம்ம ஊரிலேயே இருநூறு வருஷத்துக்கு மேலாக இந்தச் சோதனையைச் செய்து பார்த்திருக்கிறார்கள். சில நேரம் கதவு திறந்தது. சில நேரம் கதவு முகத்தில் அறைந்து சாத்தியது. ஏன் திறந்தது, ஏன் சாத்தியது என்று பார்த்தால் விடை தானாக வரும்.

முதலில் 1794-ஆம் ஆண்டுக்கு வாருங்கள். சென்னைக் கோட்டை. மைக்கேல் டாப்பிங் என்று ஒரு வானியல் அறிஞர், கும்பினியாரின் நில அளவையாளர். ஏரி, குளம், கடற்கரை எல்லாவற்றையும் அளந்து படம் போட வேண்டும். சீமையிலிருந்து ஆள் கொண்டுவந்தால் சம்பளம் கட்டாது. என்ன செய்தார்? அநாதை விடுதியில் வளர்ந்துகொண்டிருந்த எட்டுப் பையன்களைத் தேர்ந்தெடுத்து, நில அளவை சொல்லிக் கொடுக்க ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். எட்டே பேர்! தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள். சிபாரிசு செய்ய மாமனும் கிடையாது, மச்சானும் கிடையாது. பின்னாளில் காலின் மெக்கன்சி மைசூர் நாட்டை அளக்கப் போனபோது, இந்தப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் அவரோடு போனார்கள். அந்த எட்டுப் பேரில் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் வளர்ந்து வளர்ந்து இன்றைக்குக் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக நிற்கிறது. நம்ம பிள்ளைக்கு அங்கே இடம் கிடைக்காதா என்று ஊரே ஏங்குகிற கல்லூரி, அநாதைப் பையன்களுக்கான தொழிற்பயிற்சிப் பள்ளியாகத்தான் பிறந்தது.

அந்தப் பையன்களுக்கு ஏன் வேலை கிடைத்தது? பாடம் உயர்ந்தது என்பதால் மட்டும் இல்லை. பாடம் தொடங்குவதற்கு முன்பே வேலை காத்துக்கொண்டிருந்தது. அளக்க வேண்டிய நிலம் கண்ணுக்கு எட்டிய தூரம் கிடந்தது. இது முதல் பாடம். ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு ஐம்பது, அறுபது வருஷம் தள்ளி வாருங்கள். 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்கிற மருத்துவர் சென்னையில் ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். எழும்பூரில் இன்றைக்கும் இருக்கிறதே, ஓவியக் கல்லூரி, அதுதான். அந்த நூற்றாண்டின் கடைசியில் அதற்குப் பொறுப்பேற்றவர் ஆல்பிரட் சாட்டர்டன். அவர் ஒரு கஷ்டத்தைப் பார்த்தார். சீமைச் சாமான் வந்து குவிகிறது. நம்ம கன்னாருக்கு வேலை குறைகிறது. வேலை இல்லாத ஊரில் பையனுக்குப் பயிற்சி கொடுத்து என்ன பயன்? அதனால் 1898-இல் பள்ளிக்கூடத்திலேயே அலுமினியப் பாத்திரம் செய்ய ஆரம்பித்தார். அன்றைக்கு அலுமினியம் நமக்குப் புது உலோகம். நம்ம ஆட்கள் அதைத் தட்டிப் பாத்திரமாக்கினார்கள். விற்றது. அடுத்த சில ஆண்டுகளிலேயே அதை ஒரு தனியார் கம்பெனி எடுத்து நடத்தியது. உங்கள் வீட்டுப் பரணில் பாட்டி காலத்து அலுமினியக் குண்டான் ஒன்று கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்தத் தொழிலுக்கு இந்த நாட்டில் பிள்ளையார் சுழி போட்டது நம்ம சென்னையில் ஒரு பள்ளிக்கூடம்.

ஆனால் 1910-இல் என்ன நடந்தது? லண்டனில் இருந்த இந்திய மந்திரி மார்லி பிரபு, அரசாங்கம் தொழில் நடத்தக் கூடாது, வேண்டுமானால் கற்றுக் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று கையைக் கட்டிவிட்டார். கற்றுக் கொடு, ஆனால் வேலையை உண்டாக்காதே! நீச்சல் சொல்லிக் கொடுத்துவிட்டுக் குளத்தைத் தூர்த்த கதை.

இதற்கு நடுவில் 1882-இல் இன்னொரு ஹன்டர் வந்தார். வில்லியம் ஹன்டர். அவர் தலைமையில் ஒரு கல்விக் குழு. உயர்நிலைப் பள்ளியில் இரண்டு பாதை போடுங்கள், ஒன்று கல்லூரிக்குப் போகிற பாதை, இன்னொன்று தொழிலுக்குப் போகிற பாதை என்று அந்தக் குழு சொன்னது. நல்ல யோசனைதானே? ஆனால் இரண்டாவது பாதையில் கூட்டமே இல்லை. எல்லோரும் கல்லூரிப் பாதையிலேயே முண்டியடித்தார்கள். "பார்த்தீர்களா, நம்ம ஜனங்களுக்கு உடம்பு வளையாது, குமாஸ்தா உத்தியோகம்தான் பிடிக்கும்" என்று அன்றைக்கே சிலர் திட்டினார்கள். இன்றைக்கும் திட்டுகிறார்கள்.

ஐயா, நான் அந்தத் தகப்பன்மாருக்காகப் பேசுகிறேன். அவர்கள் முட்டாள்கள் இல்லை. ஆப்பிரிக்காவில் கானா நாட்டிலும் வெள்ளைக்காரர் காலத்தில் இதே கதை. விவசாயம் படி, கைத்தொழில் படி என்று சொன்னார்கள். ஜனங்கள் ஏட்டுக் கல்விக்கே போனார்கள். பிலிப் பாஸ்டர் என்கிற ஆராய்ச்சியாளர் அதை ஆராய்ந்து 1965-இல் எழுதினார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: பாடத்திட்டத்தை மாற்றினால் ஜனங்கள் மனசு மாறாது, சம்பளமும் மரியாதையும் ஆபீசில் இருக்கும்வரை பிள்ளைகள் ஆபீசை நோக்கித்தான் ஓடுவார்கள். கணக்குப் பார்த்தால் அவர்கள் செய்ததுதான் சரி. பத்து மணிக்கு மின்விசிறிக்குக் கீழே உட்காருகிறவனுக்கு ஓய்வூதியம். உலைக்களத்தில் வெந்தவனுக்கு முதுகுவலி. எந்தத் தகப்பன் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பான்?

இப்போது நான் என் வீட்டுக் கதைக்கு வர வேண்டும்.

எங்கள் பூர்வீகம் பழைய தஞ்சாவூர் ஜில்லா. தாத்தா மண்பாண்டம் செய்கிறவர். சக்கரம் சுற்றினால் பானை. மழை பெய்தால் பட்டினி. சூளையில் அடுக்கின பானை நனைந்து போனால் அந்த மாதம் அடுப்பு எரியாது. என் தகப்பனார் 1945-இல் பிறந்தவர். 1953-இல் அவருக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. அந்த ஆண்டுதான் இராஜாஜி அவர்கள் முதலமைச்சராக இருந்து, கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் பள்ளிக்கூடம். மீதி நேரம் அப்பா செய்கிற தொழிலை வீட்டில் கற்றுக்கொள்ள வேண்டும். அவர் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். அதுதான் மேடை தர்மம். கட்டடமும் வாத்தியாரும் பற்றாத காலம். இரண்டு வேளையாகப் பிரித்தால் அதே வாத்தியாரைக் கொண்டு இன்னும் நிறையப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாம் என்பது அவர் கணக்கு. 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் கைத்தொழில் வழியாகக் கல்வி என்று பேசினாரே, அந்த எண்ணத்தின் சாயலும் அதில் உண்டு.

ஆனால் ஒரு வித்தியாசம். காந்தியடிகள் சொன்னதில் கைத்தொழில் பள்ளிக்கூடத்துக்குள் வந்தது. எல்லாப் பிள்ளையும் நூற்க வேண்டும். இந்தத் திட்டத்தில் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வெளியே போனான், அவனவன் அப்பன் தொழிலுக்கு. வக்கீல் பிள்ளை மத்தியானம் வீட்டில் சட்டப் புத்தகத்தைப் பார்ப்பான். என் தகப்பனார் மத்தியானம் மண் மிதித்தார். குலக்கல்வித் திட்டம் என்று நாடு அதற்குப் பெயர் வைத்தது சும்மா இல்லை. பெரியார் எதிர்த்தார், திராவிட முன்னேற்றக் கழகம் எதிர்த்தது, காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. 1954-இல் இராஜாஜி பதவி விலகினார். காமராசர் முதலமைச்சர் ஆனார். அடுத்த மாதமே, மே மாதத்தில், அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

என் தகப்பனார் முழு நேரமும் பள்ளிக்கூடம் போனார். எஸ்.எஸ்.எல்.சி. தேறினார். அப்புறம் எங்கே போனார் தெரியுமா? ஐ.டி.ஐ.க்கு! மத்திய அரசு 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கி, அதன்படி ஊர் ஊராகத் தொழிற்பயிற்சி நிலையங்கள் வந்திருந்த நேரம். பிட்டர் பிரிவில் சேர்ந்தார். முதல் பாடம் என்ன? ஓர் இரும்புத் துண்டைக் கையில் கொடுத்து, அரத்தால் ராவி, நாலு பக்கமும் மூலைமட்டத்துக்குச் சரியாகக் கொண்டுவா என்பதுதான். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மூலைமட்டத்துக்கும் இரும்புக்கும் நடுவில் ஒளி தெரியக் கூடாது. உள்ளங்கை கொப்பளித்து, கொப்பளம் உடைந்து, காய்த்துப் போகும்வரை ராவியிருக்கிறார். 1961-இல் தொழில் பழகுநர் சட்டம் வந்திருந்தது. படிப்பு முடிந்ததும் தொழிற்சாலைக்குள்ளேயே உதவித்தொகையோடு பழகுநர் வேலை. அப்போது திருச்சிப் பக்கம், நெய்வேலி, அம்பத்தூர், கிண்டி என்று தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. பிட்டர் வேண்டும், டர்னர் வேண்டும், வெல்டர் வேண்டும் என்று ஆள் தேடிய காலம். திருச்சிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு நிரந்தர வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் நான் எம்.ஏ. படித்தேன், டாக்டர் பட்டம் வாங்கினேன், இன்றைக்கு உங்கள் முன்னால் நின்று பேசுகிறேன்.

இப்போது யோசியுங்கள். 1953-இல் கொடுத்ததற்கும் தொழில் என்றுதான் பெயர். ஐ.டி.ஐ.யில் கொடுத்ததற்கும் தொழில் என்றுதான் பெயர். ஒன்று அவரை மண்ணோடு கட்டப் பார்த்தது. இன்னொன்று அவருக்குக் கதவைத் திறந்தது. ஏன்? முதலாவதை அவருடைய பிறப்பு தேர்ந்தெடுத்தது. இரண்டாவதை அவரே தேர்ந்தெடுத்தார். பத்து வருஷம் முழுசாகப் படித்து, நாலும் தெரிந்த பிறகு தேர்ந்தெடுத்தார். இது இரண்டாவது பாடம்.

நான் தமிழ் வாத்தியார் ஐயா, சங்க இலக்கியத்தைத் தொடாமல் இறங்க மாட்டேன். எங்கள் ஊருக்குக் கொஞ்ச தூரத்தில் கோயில்வெண்ணி. அந்த வெண்ணியில் கரிகாற் பெருவளத்தான் போர் செய்தான். அந்தக் கரிகாலனை முகத்துக்கு நேரே நிறுத்தி, உன்னைவிடத் தோற்றவன் பெரியவன் என்கிற பொருளில் புறநானூற்றில் பாடியவர் யார்? வெண்ணிக் குயத்தியார். பானை வனைகிற குடியில் வந்த பெண்! தங்கால் பொற்கொல்லனார் என்று ஒரு புலவர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். கையில் தொழிலும் இருந்தது, நாவில் தமிழும் இருந்தது. கை வேலை செய்தால் தலை வேலை செய்யக் கூடாது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. இடையில் வந்தவர்கள்தான் கையை ஒரு தெருவிலும் தலையை ஒரு தெருவிலும் குடிவைத்தார்கள். (கைதட்டல்)

கைதட்டாதீர்கள். இனிமேல் சொல்லப் போவது எனக்குப் பெருமையான கதை இல்லை.

1978-இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது. தொழிற்பிரிவும் கூடவே வந்தது. அதே ஆண்டு, நம்ம வேலூரில் பிறந்த மால்கம் ஆதிசேசய்யா தலைமையில் ஒரு தேசியக் குழு, செய்து கற்பதற்கு மேல்நிலைக் கல்வியில் பெரிய இடம் கொடுங்கள் என்று அறிக்கை தந்தது. நோக்கம் நல்ல நோக்கம். நடந்தது என்ன? மார்க் எடுத்தவன் முதல் பிரிவு. மார்க் குறைந்தவனைத் தொழிற்பிரிவில் போடு. தண்டனை மாதிரி. "ஒழுங்காப் படிக்கலேன்னா ஒக்கேஷனல்தான்" என்று மிரட்டாத வீடு உண்டா? அப்புறம், தொழிலுக்கு ஏன் மரியாதை இல்லை என்று மேடையில் நாமே கேட்கிறோம்.

நானும் அப்படிப்பட்டவன்தான். என் அக்கா மகன் 2011-இல் பத்தாம் வகுப்பு தேறினான். சின்ன வயசிலிருந்தே ரேடியோ, மிக்சி எதைக் கொடுத்தாலும் பிரித்துப் போட்டுவிட்டுத் திரும்ப மாட்டுவான். "மாமா, நான் ஐ.டி.ஐ. போறேன். ஏ.சி. மெக்கானிக் படிக்கிறேன்" என்றான். என் தகப்பனார் பக்கத்தில் இருந்தார். "பையனுக்குக் கை பேசுது, விடுடா" என்றார். நான் விடவில்லை. "பேராசிரியர் வீட்டுப் பிள்ளை ஐ.டி.ஐ.யா? ஊர் என்ன சொல்லும்?" என்றேன். அதே மாதம் ஒரு மேடையில் தொழிற்கல்வியின் பெருமையை முக்கால் மணி நேரம் பேசியிருந்தேன்! ஊருக்குத்தானே உபதேசம்?

பிளஸ் டூ முடித்தான். ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் சேர்த்தோம். அக்கா நகை அடகுக்குப் போனது. பட்டறை இருந்தது, இயந்திரம் இருந்தது. தொட்டால் கெட்டுவிடும் என்று துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். 2017-இல் நாலு பேப்பர் பாக்கியோடு வெளியே வந்தான். அதை எழுதி முடிக்க ஒரு வருஷம். அப்புறம் இரண்டு வருஷம் வேலை இல்லை. மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தான். நான் வந்தால் பின்வாசல் வழியாகப் போய்விடுவான். ஒரு நாள் என் தகப்பனார் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கோபமாகப் பேசவில்லை. "ஏண்டா, எனக்கு எட்டு வயசுல, மூணு மணி நேரம் படிச்சாப் போதும்னு ஒருத்தர் முடிவு பண்ணினாரு. இவனுக்கு நாலு வருஷம் இதைத்தான் படிக்கணும்னு நீ முடிவு பண்ணினே. அவரும் பையனைக் கேக்கல. நீயும் கேக்கலையே?"

எத்தனையோ பட்டிமன்றத்தில் எத்தனையோ பேரை மடக்கியிருக்கிறேன். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை.

அப்புறம் அவனே ஒரு குளிர்சாதனக் கம்பெனியில் பழகுநராகச் சேர்ந்தான். இருபத்தைந்து வயதில், பதினெட்டு வயதுப் பையன்களுக்கு நடுவில் உட்கார்ந்து செம்புக் குழாயைப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டான். இன்றைக்கு ஐந்தாறு பேரை வைத்து வேலை வாங்குகிறான். ஆனால் போன ஆவணியில் கல்யாணப் பத்திரிகை அடித்தபோது, பெயருக்குப் பின்னால் பி.இ. என்றுதான் போட்டோம். ஏ.சி. மெக்கானிக் என்று போடச் சொல்லி நானும் சொல்லவில்லை. அந்த இரண்டு எழுத்து இன்னும் நம்மைப் பிடித்து ஆட்டுகிறது.

எதிரணிக்கு ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். எரிக் ஹனுஷெக்கும் அவரோடு சேர்ந்தவர்களும் 11 நாடுகளின் புள்ளிவிவரத்தை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். தொழிற்கல்வி படித்தவர்களுக்கு இளம் வயதில் வேலை சுலபமாகக் கிடைக்கிறது. வயது ஏற ஏற, தொழில்நுட்பம் மாற மாற, பொதுக்கல்வி படித்தவர்கள் முந்திவிடுகிறார்கள் என்று கண்டார்கள். உண்மைதான். என் தகப்பனாரோடு வேலை பார்த்த சிலர், கணினி வைத்த இயந்திரம் வந்தபோது திகைத்து நின்றார்கள். என் தகப்பனார் கையேட்டை எழுத்துக் கூட்டியாவது படித்துச் சமாளித்தார். எதனால்? 1954-க்குப் பிறகு கிடைத்த அந்த முழு நேரப் பள்ளிக்கூடத்தால்! ஆகவே ஏடு வேண்டாம் என்பது என் வாதம் இல்லை. ஏட்டைப் பிடுங்கிக்கொண்டு தொழிலைக் கொடுப்பது பயிற்சி இல்லை, பழைய அடிமைத்தனம். ஏட்டின் மேல் தொழிலை ஏற்றுவதுதான் பயிற்சி. இது மூன்றாவது பாடம்.

2009-இல் மத்திய அரசு, 2022-க்குள் 50 கோடிப் பேருக்குத் திறன் பயிற்சி என்று இலக்கு வைத்தது. தலையை எண்ணிச் சான்றிதழ் கொடுத்தால் போதுமா? சான்றிதழைச் சுவரில் மாட்டலாம், சோற்றில் பிசைய முடியாது. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் புதுக்கால இயந்திரங்களைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். மகிழ்ச்சி. 2022 முதல், அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கப் போகிற பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் உதவித்தொகை, அது ஐ.டி.ஐ.யில் சேருகிற பெண்ணுக்கும் உண்டு. இரட்டை மகிழ்ச்சி. அந்த இயந்திரத்தைத் துணி போட்டு மூடாமல் பிள்ளைகளைத் தொட விடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

நடுவர் அவர்களே, மணி அடிக்கப் போகிறீர்கள், தெரிகிறது. முடித்துவிடுகிறேன். தொழில் படித்தவனுக்குக் கதவு திறக்கும். ஆனால் மூன்று சாவி வேண்டும். கதவுக்கு அந்தப் பக்கம் வேலை இருக்க வேண்டும், 1794-இல் இருந்தது. படிக்கிறவன் தானாகத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். 1953-இல் அது இல்லை. மேலே மேலே போக ஏணி இருக்க வேண்டும், ஐ.டி.ஐ. முடித்தவன் டிப்ளமோவுக்கும், டிப்ளமோ முடித்தவன் பொறியியலுக்கும் போகிற வழி இன்றைக்கு இருக்கிறது, அது அடைபடாமல் காக்கப்பட வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் தொழிற்பயிற்சியைப்போல வாழ்வு தருவது வேறொன்றும் இல்லை.

வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிற தகப்பன்மாரே, தாய்மாரே! நாளைக்கு உங்கள் பிள்ளை பத்தாவது முடித்துவிட்டு வந்து, "அப்பா, நான் தொழில் படிக்கிறேன்" என்று சொன்னால், ஊர் என்ன சொல்லும் என்று கேட்காதீர்கள். நான் கேட்டேன். அவனுக்கு ஏழெட்டு வருஷம் போய்விட்டது. பிள்ளையையே கேளுங்கள். அவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

என் தகப்பனாரும் அக்கா மகனும் இன்றைக்கு முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்ல வேண்டும் என்று வந்தேன். சொல்லிவிட்டேன்.